பாலத்தைக் காரில் கடக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பயணப் பகுதி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்த இடங்களை வழிகாட்டியோடு பார்ப்பது பற்றி வட சென்னை வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் எழுதியவையே அதிகம். கடைசிக் கேள்வி மட்டும் நம் ஊரைப் பற்றியது.

மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். மே மாதம் நானும் கணவரும் போகிறோம். எனக்கு 61, அவருக்கு 67. மார்ட்டின் லூதர் கிங் தொடர்பான இடங்களைப் பார்க்க ஐந்து நாள் ஒதுக்க முடியும். எப்படிப் போவது? — வாசகி, பெரம்பூர்

ஐந்து நாள் போதும். ஆனால் தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், கிழமையை வைத்துப் போடுங்கள். பலரும் சனி, ஞாயிறு, திங்கள் என்று நீண்ட வார இறுதியில் கிளம்பி, பாதி இடங்களின் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பர்மிங்ஹாமில் உள்ள சிவில் உரிமை அருங்காட்சியகத்துக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. மாண்ட்கமரியில், அடிமை முறையின் வரலாற்றைச் சொல்லும் ‘லெகசி’ அருங்காட்சியகமும், அதோடு சேர்ந்த, கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கான நினைவிடமும் திங்கள், செவ்வாய் திறப்பதில்லை. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸின் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், செவ்வாயன்று கிளம்பி சனியன்று வீடு திரும்புவதுதான் சரியாக வரும்.

செவ்வாய்: அட்லாண்டாவிலிருந்து பர்மிங்ஹாம் சுமார் 240 கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம். 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயம், எதிரே கெல்லி இங்ராம் பூங்கா, பக்கத்தில் அருங்காட்சியகம். மூன்றும் ஒரே சந்திப்பில் இருக்கின்றன. அன்றைக்கு அது போதும்.

புதன்: பர்மிங்ஹாமிலிருந்து மாண்ட்கமரி 145 கிலோமீட்டர். மதியத்துக்கு மேல் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம். பஸ்களில் இனப் பிரிவினையை எதிர்த்துப் பயணம் செய்த ‘ஃப்ரீடம் ரைடர்ஸ்’ இளைஞர்கள் 1961 மே 20 அன்று அடித்து நொறுக்கப்பட்ட பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையமும் அருகில்தான். இப்போது அதுவும் ஒரு சிறிய அருங்காட்சியகம்.

வியாழன்: காலையில் லெகசி அருங்காட்சியகம், பிற்பகலில் நினைவிடம். வேறெதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளி: செல்மா. மாண்ட்கமரியிலிருந்து 80 கிலோமீட்டர்.

சனி: அட்லாண்டா திரும்பும் வழியில் டஸ்கீகி. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1881-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்குள்ள பழைய கட்டடங்கள் பல, மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை போட்டுக் கட்டியவை. அவர் குடியிருந்த ‘ஓக்ஸ்’ வீட்டை, அமெரிக்க அரசின் தேசியப் பூங்காத் துறை ஊழியரான ரேஞ்சரோடுதான் பார்க்க முடியும். எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று முந்தைய வாரமே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

அட்லாண்டாவில் கிங் பிறந்த ஆபர்ன் அவென்யூ, எபனேசர் தேவாலயம், அவருடைய கல்லறை எல்லாம் மகன் இருக்கும் ஊரிலேயே இருப்பதால் வேறொரு நாளில் பார்த்துக்கொள்ளலாம். இவை அடங்கிய தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிறந்த வீடு 2023 நவம்பரில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. திறந்திருக்கிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். திறந்திருக்கும் காலத்திலும் ஒரு நடைக்கு 15 பேர்தான். இடம் அன்றன்று முதலில் வருபவருக்கே. காலையில் திறந்தவுடன் போய்ப் பெயர் கொடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அலபாமா கடிகாரம் அட்லாண்டா கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். போகும்போது ஒரு மணி நேரம் கையில் மிஞ்சும், திரும்பும்போது அது போய்விடும். தேவாலயத்தில் பத்து மணிக்கு நேரம் வாங்கியிருந்தால், அது எந்த ஊர்ப் பத்து மணி என்பதைப் போனிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? — வாசகர், கொளத்தூர்

நுழைவுக் கட்டணம் பெரிய செலவே இல்லை. மாண்ட்கமரியில் லெகசி அருங்காட்சியகம், நினைவிடம், 2024-ல் திறந்த சிற்பப் பூங்கா மூன்றுக்கும் சேர்த்து 5 டாலர் டிக்கெட். மூன்றுக்கும் இடையே அவர்களே இலவச வாகனம் விடுகிறார்கள். அட்லாண்டாவிலும் டஸ்கீகியிலும் தேசியப் பூங்காத் துறை நடத்தும் இடங்களுக்குக் கட்டணமே இல்லை. பணம் போவது கார், பெட்ரோல், தங்கும் அறை, தனியார் கைடு ஆகியவற்றுக்குத்தான். கைடுக்குப் பேசிய தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். பூங்காத் துறை ரேஞ்சர்களுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்கள் அரசு ஊழியர்கள்.

இணையத்தில் தேடினால் ஏகப்பட்ட டூர்கள் வருகின்றன. நல்ல கைடை எப்படிக் கண்டுபிடிப்பது? — வாசகர், ராயபுரம்

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான்.

முதலில் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பூங்காத் துறை ரேஞ்சர் ஒரு வகை: இலவசம், தகவல் சுத்தமாக இருக்கும், தன் எல்லைக்குள் மட்டும் பேசுவார். இரண்டாவது, உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்து தெருத்தெருவாக நடத்திக் காட்டுபவர். மூன்றாவது, நீங்கள் எடுத்த வண்டியிலேயே ஏறிக்கொண்டு நாள் முழுக்க உடன் வருபவர். நாலைந்து பேர் சேர்ந்து போனால் இது கட்டுப்படியாகும். நான்காவது, பெரிய பஸ்ஸில் ஏற்றி ஒரே நாளில் மூன்று ஊர் காட்டும் கம்பெனி டூர். இந்த நான்காவது வேண்டவே வேண்டாம். ஜன்னல் வழியாகக் கட்டடத்தைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை மணி நேரத்தில் எத்தனை இடம்? நான்கு மணி நேரத்தில் ஆறு இடம் என்றால் எங்கேயும் நிற்க மாட்டார்கள். வண்டியை விட்டு இறங்கி நடப்போமா? தேவாலயத்துக்குள் போக நேரம் வாங்கியாயிற்றா, அல்லது வாசலோடு சரியா? டிக்கெட் சேர்த்தா, தனியா?

கைடின் தரத்தை அறிய ஒரு வழி உண்டு. ரோசா பார்க்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “வேலை முடிந்து களைப்பாக இருந்தார், அதனால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கவில்லை” என்று சொன்னால், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது அவருக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கமரி கிளைக்குச் செயலாளராகப் பல வருடம் வேலை பார்த்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2 அன்று, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் அதே ஊரில் எழ மறுத்துக் கைதாகியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை உருட்டச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். அதற்குப் பிறகுதான் 381 நாள் பஸ் புறக்கணிப்பு. இவ்வளவையும் ஒழுங்காகச் சொல்லும் கைடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தனி ஒருத்தியின் களைப்பால் நடந்ததாகச் சொன்னால், பல வருடம் உழைத்த பெண்களின் வேலை முழுக்க மறைந்துபோகிறது.

செல்மாவிலும் மாண்ட்கமரியிலும் 1965-ல் சிறுவர்களாக வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தவர்கள் சிலர் இன்றைக்கும் கைடாக வருகிறார்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவர் கிடைத்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் அவருடைய நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மொழி விஷயம் ஒன்று. தென் மாநில ஆங்கிலம் இழுத்துப் பேசும் ஆங்கிலம், டிவியில் கேட்டுப் பழகியது போல இருக்காது. மகனோ மகளோ பக்கத்தில் நின்று அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தால், கைடு பேசுவதும் கேட்காது, மொழிபெயர்ப்பும் பாதியில் நிற்கும். தொடங்கும்போதே கைடிடம் சொல்லிவிடுங்கள்: அவர் மூன்று வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தட்டும், பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும், பிறகு அவர் தொடரட்டும். ஒரு மணி நேர நடை ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைடே இல்லாமல் நாங்களே நடக்கக் கூடிய இடம் உண்டா? — வாசகர், தண்டையார்பேட்டை

உண்டு. மாண்ட்கமரியில் டெக்ஸ்டர் அவென்யூ. கோர்ட் ஸ்கொயர் நீரூற்றில் தொடங்கி மாநிலச் சட்டமன்றம் வரை சுமார் ஒரு கிலோமீட்டர், கடைசியில் கொஞ்சம் ஏற்றம்.

நீரூற்றுப் பக்கம்தான் மனிதர்களை ஏலம் விட்ட சந்தை. அந்தச் சதுக்கத்திலேயே ரோசா பார்க்ஸ் பஸ் ஏறிய இடமும் இருக்கிறது, அவருடைய சிலையும் இருக்கிறது. மேலே நடந்தால் வலப்பக்கம் சிவப்புச் செங்கல் தேவாலயம், 1954 முதல் 1960 வரை கிங் போதகராக இருந்த இடம். இன்னும் கொஞ்சம் ஏறினால் சட்டமன்றப் படிகள். மேல் முகப்பில் தரையில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861-ல் பதவியேற்றபோது நின்ற இடம் அது. அதில் நின்று திரும்பிக் கீழே பாருங்கள். கிங்கின் தேவாலயம் கண்ணுக்கு எதிரே இருக்கும். 1965 மார்ச் 25 அன்று செல்மாவிலிருந்து நடந்து வந்த கூட்டம் வந்து நிறைந்ததும் இதே தெருவில்தான். அவசரமாக நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து சில தெரு தள்ளி, சவுத் ஜாக்சன் தெருவில், கிங் குடும்பம் குடியிருந்த வீடு. 1956 ஜனவரி 30 அன்று வீட்டுத் திண்ணையில் வெடிகுண்டு வீசினார்கள். கிங் அப்போது கூட்டத்தில் இருந்தார். மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், காயமில்லாமல் தப்பினார்கள். திண்ணையின் சிமெண்டில் குண்டு விழுந்து பெயர்ந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. கால் அளவுதான் இருக்கும், குனிந்து பார்க்காமல் போய்விடாதீர்கள்.

செல்மாவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு பாலம் மட்டும்தானே என்கிறார்கள். — வாசகர், எண்ணூர்

பாலம்தான். ஆனால் காரில் கடந்தால் அரை நிமிடம், ஒன்றும் புரியாது.

எட்மண்ட் பெட்டஸ் பாலம் 1940-ல் திறந்தது, நீளம் சுமார் 380 மீட்டர். நடுவில் மேடாக வளைந்திருக்கும். ஊர்ப் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கினால் அக்கரையில் என்ன நிற்கிறது என்று தெரியாது. உச்சிக்குப் போனால்தான் தெரியும். 1965 மார்ச் 7 அன்று சுமார் 600 பேர், ஓரத்து நடைபாதையில் இரண்டிரண்டு பேராக, இப்படித்தான் ஏறினார்கள். உச்சியை அடைந்த பிறகே கீழே மாநிலப் போலீஸ் வரிசையாகத் தடியோடு நிற்பது கண்ணில் பட்டது. கண்ணீர்ப்புகை, குதிரை, தடியடி. முன்வரிசையில் நடந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. ஆகவே ஊர்ப் பக்கத்தில் இறங்கி, அவர்கள் நடந்த திசையிலேயே நடங்கள். எதிர்த் திசையில் நடந்தால் இந்த விஷயமே பிடிபடாது. கார் ஓட்டுபவரை முன்னாலேயே அக்கரைக்கு அனுப்பிவிட்டால் வயதானவர்கள் திரும்பி நடக்க வேண்டியதில்லை. லாரிகள் போகும் நெடுஞ்சாலை அது. படம் எடுக்க நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்காதீர்கள்.

எட்மண்ட் பெட்டஸ் என்பவர் யார் என்றும் கைடிடம் கேளுங்கள். உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களின் தளபதி, கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் குழுவான கூ க்ளக்ஸ் கிளானின் தலைவர்களில் ஒருவர். பெயர் இன்னும் பாலத்தின் மேல் பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.

ஊர்வலம் கிளம்பிய பிரவுன் சேப்பல் தேவாலயம் கரையான் அரித்துப் பெரிய பழுதுபார்ப்புக்கு உள்ளானது. உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வெளியிலிருந்து பார்க்கத் தடையில்லை. பிறகு, ஊர்வலத்தினர் மாண்ட்கமரி வரை 54 மைல் நடந்த அதே நெடுஞ்சாலையில் திரும்புவீர்கள். நடுவழியில் லவுண்டஸ் மாவட்டத்தில் பூங்காத் துறையின் மையம் இருக்கிறது. வாக்காளராகப் பதிவு செய்த குற்றத்துக்காக நிலத்தை விட்டு விரட்டப்பட்ட குத்தகை விவசாயக் குடும்பங்கள் கூடாரம் போட்டுக் குடியிருந்த இடம் அது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிறுத்துங்கள்.

பத்து வயதுப் பேத்தியை லெகசி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமா? — வாசகி, வியாசர்பாடி

முழுவதும் வேண்டாம். அந்த அருங்காட்சியகம், அடிமைகளை வேலை வாங்கிய ஒரு பஞ்சுக் கிடங்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது. தொடக்கத்திலேயே கூண்டுகளுக்குள் நிழலுருவங்கள் எழுந்து, விற்கப்பட்ட தாயும் பிள்ளையும் பேசுவதுபோலப் பேசும். பெரியவர்களே கலங்கி நிற்கும் இடம். படம் எடுக்க அனுமதி கிடையாது. பெரியவர்களுக்கு மூன்று மணி நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு ஒருவர் குழந்தையோடு வெளியே இருங்கள்.

குழந்தைக்கு ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தின் சிறுவர் பகுதி சரியாக இருக்கும். பஸ் போல அமைத்த இருக்கைகளில் உட்கார வைத்து, காலத்தில் பின்னோக்கி அழைத்துப் போவார்கள்.

நினைவிடத்துக்கு அழைத்துப் போகலாம், ஆனால் முன்பே கொஞ்சம் சொல்லி வையுங்கள். 1877 முதல் 1950 வரை கும்பலாகக் கூடிக் கொலை செய்யப்பட்ட 4,400-க்கும் அதிகமான கறுப்பின மக்களுக்கான நினைவிடம் அது. 800-க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், துருவின் நிறத்தில். ஒரு மாவட்டத்துக்கு (கவுன்டி) ஒரு தூண், அதில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். உள்ளே நுழையும்போது தூண்கள் தரையில் நிற்பதுபோல உங்கள் கண் மட்டத்தில் இருக்கும், பெயரைக் கையால் தொட்டுப் படிக்கலாம். நடக்க நடக்கத் தரை சரிந்து கீழே போகும். தூண்கள் அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச தூரத்தில் அவை உங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் குழந்தையை உள்ளே விட்டால் பயந்துவிடும். சொல்லி அழைத்துப் போனால் கேள்வி கேட்கும். பதில் தெரியாவிட்டால் பெயரைப் படித்துக் காட்டுங்கள், அது போதும்.

அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே மண். கொலை நடந்த இடங்களிலிருந்து உறவினர்களும் ஊர்க்காரர்களும் தோண்டி எடுத்து வந்தது. ஒவ்வொரு ஜாடியிலும் பெயர், இடம், தேதி. செம்மண், கரிசல், சாம்பல் நிற மணல் என்று ஒன்றுபோல் ஒன்று இல்லை. பேத்திக்கு இதை மட்டுமாவது காட்டுங்கள்.

முட்டிவலி இருக்கிறது. சமாளிக்க முடியுமா? — வாசகர், கொடுங்கையூர்

நினைவிடம் குன்றின் மேல் இருக்கிறது, தரையும் சரிவு. மாண்ட்கமரியில் வாகனத்திலேயே மேலே போய் இறங்குங்கள், நடந்து ஏற வேண்டாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். மே முடிவிலிருந்து செப்டம்பர் வரை அலபாமாவில் புழுக்கம் நம் ஊர் போலவே இருக்கும், பிற்பகலில் இடியோடு மழையும் உண்டு. வெளியில் நடப்பதைக் காலையிலும், கட்டடத்துக்குள் பார்ப்பதைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் போகும் நினைவிடத்துக்கு மட்டும் குடை கட்டாயம்.

ஞாயிறு ஆராதனைக்குப் போகலாமா? நாங்கள் இந்துக்கள். — வாசகர், திருவொற்றியூர்

தாராளமாக. மதம் கேட்க மாட்டார்கள். ஆனால் அது வழிபாடு, காட்சி அல்ல. தொடங்கும் முன் போய், முடிந்த பிறகு வெளியே வாருங்கள். நடுவில் எழுந்து படம் எடுத்துவிட்டுப் போகும் வெளியூர்க்காரர்களால் அந்தச் சபையாருக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. நல்ல உடை உடுத்துங்கள், புடவை, வேட்டி இரண்டும் பொருத்தம். வாசலில் நிற்பவர் காட்டும் இடத்தில் உட்காருங்கள். விருந்தினர் எழுந்து நிற்கச் சொன்னால் எழுந்து ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். காணிக்கைத் தட்டு வரும், கொடுப்பது உங்கள் விருப்பம். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அட்லாண்டாவில் எபனேசரின் ஞாயிறு ஆராதனை எதிர்ப்புறமுள்ள புதிய கட்டடத்தில் நடக்கிறது. கிங் பிரசங்கித்த பழைய கட்டடத்தில் உட்கார்ந்து அவருடைய குரல் பதிவைக் கேட்கலாம்.

பர்மிங்ஹாமில் 16-வது தெரு தேவாலயத்தில் 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10.22-க்கு வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்நேருக்கு 11. “நாலு பிள்ளைகள்” என்று மட்டும் சொல்லிக் கடந்து போகும் கைடிடம் பெயரைக் கேளுங்கள். உள்ளே மேலே உள்ள நீல வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில், கைகளை விரித்த கறுப்பு இயேசு இருப்பார். பிரிட்டனின் வேல்ஸ் மக்கள் காசு சேர்த்து அனுப்பியது. பணக்காரர் ஒருவரே முழுதும் கொடுத்துவிடக் கூடாது என்று தலைக்கு அரைக் கிரவுன் நாணயத்துக்கு மேல் வாங்கவில்லை.

கிங் சுடப்பட்ட மெம்ஃபிஸ் ஹோட்டலையும் சேர்க்கலாமா? — வாசகர், மாதவரம்

இந்த ஐந்து நாளில் வேண்டாம். பர்மிங்ஹாமிலிருந்து 385 கிலோமீட்டர். லொரெய்ன் மோட்டலுக்குத் தனிப் பயணமாகப் போய், ஒரு முழு நாள் கொடுங்கள்.

கிங் சென்னைக்கு வந்திருக்கிறாரா? — மாணவி, புளியந்தோப்பு

வந்திருக்கிறார். 1959 பிப்ரவரி, மார்ச்சில் மனைவியோடு ஒரு மாதம் இந்தியாவில் இருந்தார். மதராஸ், காந்திகிராமம், மதுரை வழியாகத் திருவனந்தபுரம் போனார். அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில், அதன் தலைமை ஆசிரியர் அவரை “அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர்” என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்துபோனதாகவும், யோசித்துப் பார்த்து ஆமாம், நானும் என் மக்களும் தீண்டத்தகாதவர்களே என்று ஒப்புக்கொண்டதாகவும் கிங் 1965-ல் எபனேசர் தேவாலயத்தில் பேசினார். அட்லாண்டா பூங்காவில் காந்தி சிலையும் உண்டு. அதன் முன் மட்டும் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், இந்தப் பேச்சையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் படிப்பு வட்டத்தில் இருபது பேர் இருக்கிறோம். அமெரிக்காவில் செய்வதுபோல வட சென்னையில் ஒரு வரலாற்று நடை நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது? — வாசகர், கொருக்குப்பேட்டை

இரண்டு நடைகளாகப் பிரியுங்கள். ஒரே காலையில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

முதலாவது, கறுப்பர் நகரச் சுவர். வெள்ளையர் கோட்டைக்குள் இருக்க, நம்மவர் குடியிருந்த பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிளாக் டவுன்’. 1911-ல்தான் ஜார்ஜ் டவுன் ஆனது. பாரிமுனையில் 1773-ஆம் வருடத்து எல்லைத் தூண் ஒன்று மிஞ்சியிருக்கிறது. கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று பழைய ஊரை இடித்துவிட்டு, இதற்கு இப்பால் கட்டக் கூடாது என்று நட்ட தூண்களில் ஒன்று. புது ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலுக்கு வரி போட நினைத்ததால் வந்த பெயர் வால்டாக்ஸ் ரோடு. மதிலின் மிச்சம் பழைய ஜெயில் ரோட்டு மாடிப் பூங்காவில் இருக்கிறது. அங்கே கையை வைத்துக் கல்லைத் தொடச் சொல்லுங்கள். முடிவை ராயபுரம் ரயில் நிலையத்தில் வையுங்கள், 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம்.

இரண்டாவது, மில் நடை. பெரம்பூர் பி அண்ட் சி மில், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகக் காரணமான இடம். இதைச் சொல்வது கடினம், ஆகவே கூடுதல் தயாரிப்பு வேண்டும். 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. இரு தரப்புக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதே தெருக்களில் இருக்கிறார்கள். சங்கத்தின் பெருமையை மட்டும் சொன்னால் ஒரு தரப்பு நின்றுகொண்டே வலியோடு கேட்கும். கலவரத்தை மட்டும் சொன்னால் மறுதரப்பு. சாதி எப்படி ஒரே மில்லுக்குள் வேலையையும் குடியிருப்பையும் பிரித்தது என்பதிலிருந்து தொடங்குங்கள், அதற்குப் பிறகு இரண்டையும் சொல்லலாம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் மறைந்த நடராசன், தாளமுத்து இருவருக்கும் மூலக்கொத்தளத்தில் உள்ள நினைவிடத்தோடு முடியுங்கள்.

நடைமுறை. ஒரு நடைக்கு 15 பேருக்கு மேல் கூடாது. இருபது பேர் என்றால் இரண்டு ஞாயிறு வையுங்கள். கூட்டம் கூடினால் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது, மைக் வந்துவிடும், மைக் வந்தால் அது கூட்டமாகிவிடும், போலீஸ் அனுமதியும் வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். ஐந்து நிறுத்தத்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடப் பேச்சு. நிழல் எங்கே, கழிவறை எங்கே, டீக்கடை எங்கே என்று முந்தைய ஞாயிறே அதே நேரத்தில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நேரத்தில் நடந்து பார்த்தால் மீன் வண்டியும் லாரியும் நிற்கும் இடம் தெரியாது. குடியிருப்புக்குள் நுழையும் முன் அந்தத் தெருவின் பெரியவர்களிடம் சொல்லுங்கள், வீடுகளையும் முகங்களையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

மில் 1996-ல் மூடப்பட்டது. அதில் ஷிஃப்ட் பார்த்தவர்கள் இன்னும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். செல்மாவில் அன்று நடந்தவர் இன்று கைடாக வருவதுபோல, ஒருவரை ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். சும்மா வரச் சொல்லாதீர்கள், கைச்செலவுக்குக் கொடுங்கள், உட்கார நாற்காலி போடுங்கள். உங்கள் கையில் உள்ள குறிப்புத்தாளில் ஆவணத்திலிருந்து எடுத்தது ஒரு நிறத்திலும், செவிவழி வந்தது வேறு நிறத்திலும் இருக்கட்டும். பேசும்போதும் அப்படியே பிரித்துச் சொல்லுங்கள். முதல் நடையிலேயே யாராவது ஒரு பாட்டி திண்ணையிலிருந்து, “அது இங்க இல்லப்பா, அந்த முனையில இருந்துச்சு” என்று திருத்துவார். நடையை நிறுத்தி, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதிக்கொண்டு, அந்த முனைக்கே எல்லோரையும் அழைத்துப் போங்கள்.